திருப்புகழ் ஏடு தேடிய பெருந்தகை

கலைச்செல்வங்கள் தீயாலும் நீராலும் மட்டுமன்றிப் பேணுவார் இன்மையாலும் அழிகின்றன. இதனை உணர்ந்து உழைத்தவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909).

நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப் பதவி வகித்த இவர், திருத்தணி முருகனிடத்துப் பேரன்பு பூண்டவர். தம் மைந்தர்க்கும் அப்பெருமானின் பெயரையே சூட்டினார். சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கொன்றில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாடலொன்று 1871இல் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அருணகிரிநாதர் பாடியவை 16,000 என்பது மரபு. அவையோ செல்லரித்த ஏடுகளில் சிதறிக் கிடந்தன. அலுவலுக்கிடையே ஊர்தோறும் ஏடு தேடித் திரட்டி, 1894இலும் 1901இலும் இரு பகுதிகளாக அச்சேற்றுவித்தார். இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,300 பாடல்களே. இவர் முயன்றிராவிடின் அவற்றுள்ளும் பல மறைந்திருக்கும்.

தந்தையார் தேடிய செல்வத்துக்கு மைந்தர் வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883–1971) உரை வகுத்து, ‘தணிகைமணி’ எனப் போற்றப்பெற்றார். தொகுத்தல் ஒரு தலைமுறையின் பணி. வளர்த்தல் அடுத்த தலைமுறையின் கடன்.

காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பாடிய திருப்புகழும் இச்சந்த மரபில் மலர்ந்ததே. நம் இல்லத்துப் பரண்களிலும் இத்தகைய ஏடுகள் உறங்கக்கூடும். மாணவச் செல்வங்களே, அவை மண்ணாகுமுன் தேடி எடுப்பீர்!