அளந்து அறிந்த அறிஞர் அல்பிரூனி

இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்குள் முதன்முதலாக நுழையும் மாணவனின் கையில் கொடுக்கப்படுபவை துலாக்கோல், அடர்த்திக் குப்பி, கோணமானி, நூலில் கட்டிய ஈயக்குண்டு போன்ற எளிய கருவிகளே. அவற்றைத் தேர்வுக்குரிய பொருள்களாகவே கருதிப் பயன்படுத்திவிட்டு, ஆண்டு முடிந்ததும் அவன் மறந்துவிடுகிறான். இத்தகைய கருவிகளையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டு, நாடிழந்த நிலையிலும் அவற்றைக் கைவிடாத பேரறிஞர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவரே அபூரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி. நம் வரலாற்றுப் பாடநூல்கள் அவரை இந்தியாவைப் பற்றி நூல் எழுதியவராக அறிமுகப்படுத்திவிட்டு நின்றுவிடுகின்றன. அளவியல் அறிஞர் என்னும் அவருடைய மறுபக்கத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. 973 ஆம் ஆண்டு குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரை ஒட்டிய பகுதியில் அல்பிரூனி பிறந்தார். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூநஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பதினேழு வயதை எட்டிய பொழுதே, நண்பகல் ஞாயிற்றின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார் அந்த இளைஞர். பின்னர் பதினைந்து முழ விட்டமுள்ள பெருவட்டம் ஒன்றை அமைத்து, ஆண்டு முழுவதும் ஞாயிற்றின் போக்கை அளக்கத் திட்டமிட்டார். கோடைக்காலத்து அளவை ஒன்று முடிந்தது. அதற்குள் 995 இல் உள்நாட்டுப் போர் மூண்டு, அவரை ஆதரித்த அரசகுலம் வீழ்ந்தது. அளவையை அரைகுறையாக விட்டு, உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு வயதில் தொடங்கிய அலைச்சல் அவரை எளிதில் விடவில்லை.

அந்த ஆண்டுகளை ஒட்டி அவர் அறிய நேர்ந்த ஒரு செய்தி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ரைய் நகரில் அல்குஜந்தி என்னும் வானியலார், வட்டத்தில் ஆறிலொரு பங்கான மாபெரும் வளைவு ஒன்றை 994 இல் கட்டியிருந்தார். கூரையிலுள்ள சிறு துளை வழியே விழும் ஞாயிற்றொளி அந்த வளைவின் மீது படும். கருவி பெரிதாயின் அதில் கீறும் பிரிவுகளும் நுண்மையாகும். அளவும் துல்லியமாகும் என்பது அல்குஜந்தியின் கருத்து. ஆயினும் கட்டடத்தின் பளுவால் துளை இருந்த பகுதி ஏறத்தாழ ஒரு சாண் கீழிறங்கிவிட்டது. இதனை அல்குஜந்தியிடமிருந்தே அறிந்து அல்பிரூனி பதிவு செய்துள்ளார். பெரிய கருவிக்குப் பெரிய பிழையும் உண்டு என்னும் இந்தப் பாடத்தைப் பிற்காலத்தில் அவர் எந்த அளவையிலும் மறந்ததாகத் தெரியவில்லை.

997 இல் அவர் மீண்டும் காத் நகரில் இருந்தார். பாக்தாதில் இருந்த அபுல்வஃபா என்னும் அறிஞரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அவ்வாண்டு மே மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இருவரும் தத்தம் ஊரிலிருந்து நோக்கினர். கிரகணம் எவ்வூரார்க்கும் ஒரே கணத்தில்தான் நிகழும். ஊர்தோறும் உள்ளூர் நேரம் மட்டுமே வேறுபடும். இருவர் குறித்த நேரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி வேறுபாடு இருந்தது. ஒரு மணிக்குப் பதினைந்து பாகை என்னும் கணக்கில் இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்துவிட்டது. தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில், வானத்து நிலவையே இரண்டு ஊர்க்கும் பொதுவான கடிகாரமாக்கிக்கொண்ட இம்முயற்சி எண்ணி வியத்தற்குரியது.

பின்னர் குர்கான் நாட்டு அரசர் காபூஸின் ஆதரவில் 1000 ஆம் ஆண்டை ஒட்டிப் பல்வேறு மக்களின் காலக்கணக்குகளைப் பற்றிய பெருநூலை எழுதினார். அதன்பின் தாயகம் திரும்பி அரசவையில் உயர்ந்த இடம் பெற்றார். 1017 இல் மஹ்மூது கஸ்னவி குவாரிஸ்மை வென்றபொழுது, அல்பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் கைதியாகச் சென்றாரா, அவை அறிஞராகச் சென்றாரா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தம் விருப்பப்படி செல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

அடுத்த ஆண்டு, 1018 அக்டோபர் 14 ஆம் நாள், காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்னும் சிற்றூரில் அவர் இருந்தார். ஹிஜ்ரி 409, ஜமாதுல் ஆகிர் முதல் நாள் அது. அவ்வூரின் அட்சரேகையைக் காண விரும்பினார். கையில் ஒரு கருவியும் இல்லை. கருவி செய்வதற்குரிய பொருள்களும் இல்லை. அக்காலத்தில் கணக்குப் போடுவதற்குப் பயன்பட்ட பலகை ஒன்றே இருந்தது. அப்பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் வில் ஒன்றை வரைந்தார். அதனைப் பாகைகளாகவும், ஒவ்வொரு பாகையையும் ஆறு கூறாகவும் பிரித்தார். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்து நிலையைப் பெற்றார். அதனைக் கொண்டு ஞாயிற்றின் உயரத்தை அளந்தார். அன்றைய மனத்துயரையும் அவர் தம் நூலில் மறைக்காமல் குறித்துள்ளார். நாடும் ஆதரித்தோரும் போன நிலையில் ஒரு மனிதர் பலகையைத் திருப்பிப் போட்டுக் கோடு கீறிக்கொண்டிருக்கும் அக்காட்சிதான், எம் கருத்தில், அவர் வாழ்வின் உச்சம். அரசர்கள் பெயரால் அவர் அமைத்த வளையங்களை விட அந்தப் பலகையே பெரிய கருவி.

இத்தகைய அளவைகள் எதற்காக? இடங்களின் எல்லைகளை வரையறுக்கும் நூல் என்று பொருள்படும் அவருடைய தஹ்தீத் இதற்கு விடை தருகிறது. 1025 இல் முற்றுப்பெற்ற அந்நூலில், கஸ்னி நகரிலிருந்து கிப்லாவின் திசையைத் துல்லியமாகக் காண்பது முதன்மையான நோக்கமாக அமைந்தது. கஃபா எந்தத் திசையில் உள்ளது எனக் கணிக்க வேண்டுமாயின் மக்காவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும்; தொழுவோர் நிற்கும் ஊரின் அளவுகளும் வேண்டும். ஐவேளைத் தொழுகைக்கு முகம் திருப்பும் ஒவ்வொருவருக்கும் வானியல் கடன்பட்டதாகிறது.

ஆனால் மார்க்கத்தின் பெயரால் கருவியை மறுத்தோரும் இருந்தனர். கஸ்னியில் தொழுகை நேரங்களைக் காட்டும் கருவி ஒன்றைப் பள்ளிவாசலுக்கென அவர் அமைத்தார். ஞாயிற்றின் உயரம் பருவத்தோடு மாறுவதால், அதில் ரோமானியரின் சூரிய மாதங்களைப் பொறிக்க வேண்டியிருந்தது. அம்மாதங்கள் பிற சமயத்தாருடையவை எனக் கூறிப் பள்ளிவாசலுக்குப் பொறுப்பானவர் அதனை ஏற்க மறுத்தார். ரோமானியர் உணவு உண்கின்றனர், கடைத்தெருவில் நடக்கின்றனர். அவ்விரண்டிலும் அவர்களைப் பின்பற்றாதிருக்க வேண்டியதுதானே என்ற பொருள்பட அல்பிரூனி விடையளித்தார். சினமும் நகைச்சுவையும் கலந்த இவ்விடையை நம் மேடைகளில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

தஹ்தீதில்தான் நந்தனா மலையின் அளவையும் இடம்பெறுகிறது. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்பு மலைத்தொடரில் உள்ளது நந்தனாக் கோட்டை. கலீஃபா மஃமூனின் அறிஞர்கள் முன்பு பாலைவெளியில் நெடுந்தொலைவு நடந்து, தரையை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணித்திருந்தனர். அல்பிரூனியும் முதலில் அவ்வாறே முயன்று, உதவியின்றிக் கைவிட்டார். நந்தனாவிலோ எதிரே பரந்த சமவெளி. பின்னே உயர்ந்த மலை. முதலில் அளவு கீறிய சதுரப் பலகை ஒன்றினால், சமவெளியில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியை நோக்கி, அதன் உயரம் 652 முழம் எனக் கண்டார். பிறகு உச்சியில் ஏறி, கிடைமட்டத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என அளந்தார். தாழ்வு 34 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. இவ்விரு எண்களோடு முக்கோணவியலைச் சேர்த்தவுடன் பூமியின் ஆரம் 1 கோடியே 28 இலட்சம் முழத்துக்குச் சற்று மேலாகக் கிடைத்தது.

அம்முழம் அரை மீட்டருக்குச் சிறிது குறைவானது. அதன் சரியான நீளத்தை எவ்வாறு கொள்கிறோமோ அதற்கேற்பக் கிலோமீட்டர்க் கணக்கும் மாறும். எவ்வாறு கொண்டாலும் இன்றைய சராசரி மதிப்பாகிய 6,371 கிலோமீட்டருக்கு அருகிலேயே வருகிறது. காற்றில் ஏற்படும் ஒளிவிலகலை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே விடையின் நெருக்கத்தில் தற்செயலுக்கும் பங்குண்டு என இக்கால அறிஞர் சிலர் கருதுவர். முறையின் பெருமை அதனால் குறைவதில்லை.

பொருள்களின் ஒப்படர்த்தியை அளக்க அவர் அமைத்த கூம்பு வடிவக் கலத்திற்குப் பக்கத்தில் வளைந்த குழாய் உண்டு. குழாய்மட்டம் வரை நீர் நிரப்பி, எடையறிந்த உலோகத்தையோ மணிக்கல்லையோ உள்ளே இட்டால், அதன் பருமனுக்குச் சமமான நீர் வழிந்து கீழேயுள்ள தட்டில் விழும். அந்த நீரை நிறுத்தால் ஒப்படர்த்தி தெரிந்துவிடும். கலத்தின் கழுத்தைக் குறுக்கினார். அப்பொழுதுதான் சிறு கல் இட்டாலும் நீர்மட்டம் தெளிவாக உயரும். பொன்னுக்கு அவர் பெற்ற மதிப்பு 19 ஐ ஒட்டியது. இன்றைய மதிப்பு 19.3. போலி மணிகளையும் கலப்புப் பொன்னையும் கண்டறிய வணிகர்க்கு இது பெருந்துணை. இக்கருவியின் விளக்கத்தை அல்காஸினி என்பார் 1121 இல் எழுதிய துலாக்கோல் பற்றிய நூல் காத்துத் தந்துள்ளது.

அஸ்தர்லாப் செய்யும் முறைகளைத் தொகுத்த நூலில், பற்சக்கரங்களால் இயங்கும் நாட்காட்டிப் பெட்டியையும் அவர் விவரித்தார். பிறையின் வளர்தல் தேய்தலை அது காட்டும். இரண்டு சந்திர மாதங்களுக்கு 59 நாள். அதற்கேற்ப 59 பற்களையுடைய சக்கரம் அதில் இடம்பெற்றது.

இந்தியா வந்தவர் சமஸ்கிருதம் பயின்றதும், 1030 ஐ ஒட்டி அரிய நூலை இயற்றியதும் பலரும் அறிந்தவை. யூக்ளிடின் வடிவியலையும் அஸ்தர்லாப் செய்முறையையும் இந்நாட்டு அறிஞர்க்குச் சமஸ்கிருதத்தில் எடுத்துரைக்க அவர் முனைந்ததை அறிந்தோர் சிலரே. கற்றதோடு நில்லாமல் கற்பிக்கவும் முற்பட்டார். தென்னாட்டிற்கு அவர் வரவில்லை. ஆயினும் சேதுபந்தத்தைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியுள்ளார்.

மஹ்மூதுக்குப் பின் வந்த மஸ்ஊதின் பெயரால் வானியல் பெருநூலாகிய கானூனை இயற்றினார். அதற்குப் பரிசாக யானை சுமக்கும் அளவு வெள்ளி வந்ததாகவும், தேவையில்லை எனத் திருப்பி அனுப்பியதாகவும் கூறுவர். 1036 இல் தம் நூல்களுக்குத் தாமே பட்டியல் எழுதினார். அதில் 113 நூல்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை.

அவர் மறைவு 1048 இல் என்பது பலர் கொள்கை. 1050 என்பாரும் உளர். மூச்சுத் திணறிக் கிடந்த இறுதி நாளில் மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் காணச் சென்றாராம். முன்பொருமுறை பேச்சில் எழுந்த, பாட்டிமார்க்குரிய வாரிசுரிமைக் கணக்கு ஒன்றை மீண்டும் விளக்குமாறு அல்பிரூனி வேண்டினார். இந்நிலையிலுமா என வந்தவர் தயங்கினார். அறியாமல் போவதினும் அறிந்து போவது நன்றல்லவா என்று கேட்டாராம். அவர் விளக்கினார், அல்பிரூனி அதனைத் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். விடைபெற்றுத் தெருவில் இறங்கி நடந்த அந்த அறிஞரின் செவியில், வீட்டினுள்ளிருந்து எழுந்த அழுகுரல் விழுந்ததாக யாகூத் எழுதிவைத்துள்ளார்.