போர்க்காலப் பிள்ளைகளுக்கு அரணாக நின்ற அன்னா பிராய்டு

ஜொகூர் பாரு – போரில் ஒரு பிள்ளையை அதிகம் பாதிப்பது எது? தலைக்கு மேல் வெடிக்கும் குண்டா, தாயைப் பிரிவதா? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே லண்டனில் இதற்கு விடை தேடியவர் அன்னா பிராய்டு.

இவர் 1895 டிசம்பர் 3-ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார். உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் பிராய்டின் ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக வேலையைத் தொடங்கி, 1922-இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் உறுப்பினரானார். 1937-இல் தோழி டோரத்தி பர்லிங்காமுடன் சேர்ந்து ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பராமரிப்பு இல்லத்தையும் நடத்தினார்.

அடுத்த ஆண்டே எல்லாம் குலைந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பிராய்டு குடும்பம் யூதக் குடும்பம். நாஜி ரகசியப் போலீஸ் அன்னாவைப் பிடித்துச் சென்று விசாரித்த பிறகு விடுவித்தது. ஜூன் மாதம் நோயுற்ற தந்தையுடன் அவர் அகதியாக லண்டன் சேர்ந்தார். 1939-இல் தந்தை காலமானார். வியன்னாவிலேயே தங்கிவிட்ட நான்கு அத்தைமாரும் பின்னாளில் நாஜி முகாம்களில் மாண்டனர்.

லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய காலத்தில், அமெரிக்க நன்கொடையுடன் ஹேம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தை அன்னா நடத்தினார். வீடிழந்தவர்கள், தந்தை போர்முனையிலும் தாய் வேலையிலும் இருந்தவர்கள் என 80-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். பணியாளர்களில் பலர் அகதிகளாக வந்த இளம்பெண்கள். இல்லத்தில் வேலை செய்யும் எவரும், கொதிகலன் பார்க்கும் ஆள் உட்பட, பிள்ளைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

அந்தச் சீட்டுகள் சொன்ன செய்தி பலரும் எதிர்பாராதது. தாய் பக்கத்தில் நிதானமாக இருந்தால், குண்டுவீச்சின் அதிர்ச்சியைச் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டனர். பாதுகாப்பான கிராமத்துக்குத் தனியாக அனுப்பப்பட்ட பிள்ளைகளோ அதிகம் சோர்ந்தனர். பேசப் பழகியிருந்தவை பேச்சை விட்டன. படுக்கையை நனைக்காத பிள்ளைகள் மீண்டும் நனைக்கத் தொடங்கின.

உடனே அன்னா ஏற்பாட்டை மாற்றினார். நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு பணிப்பெண் எனச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தார். தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்றார். குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் தனக்கென ஒருவர் கிடைத்ததும், பின்தங்கிய பிள்ளைகள் தேறத் தொடங்கினர்.

போர் முடிந்த 1945-இல் தெரேசின் முகாமிலிருந்து மூன்று, நான்கு வயதுடைய ஆறு குழந்தைகள் இங்கிலாந்து வந்தனர். பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டனர். பிள்ளைகள் பொம்மைகளை உடைத்தனர், பெரியவர்களைக் கடித்தனர். ஆனால் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் பிரிய மறுத்தனர். உணவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்த பிறகே சாப்பிட்டனர். அந்தப் பாசமே அவர்களைக் காப்பாற்றியது என்பதை அன்னாவும் சோபி டானும் 1951-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

சீட்டு எழுதிய அந்தக் கொதிகலன் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1952-இல் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி அவர் எடுத்த படம், பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் வழக்கத்தை மெல்ல மாற்றியது. இன்று நம் மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் தாய் இரவில் உடன் தங்குகிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்த இல்லத்துப் பாடமும் உண்டு.

அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. லயத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் மனத்தில் நடந்ததை யார் எழுதி வைத்தார்கள்? பல ஆண்டுகளுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் போரின் மனக்காயங்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என்று எழுதினார்.

1982 அக்டோபர் 9-ஆம் தேதி அன்னா லண்டனில் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. ஜொகூரில் வாழும் ரோஹிங்கியா பிள்ளைகளின் நிலையும் இதுதான். சமூகக் கற்றல் மையங்களில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் தொண்டர்களுக்கு அன்னா விட்டுச் சென்ற வழி எளிமையானது: அண்ணன் தம்பியைப் பிரிக்காதீர்கள், நாள்தோறும் அதே முகம் வந்து நிற்கட்டும், பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள்.