வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தஞ்சாவூரில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவக் கவிஞரும் இசைவாணரும் ஆவார். சுவிசேடக் கவிராயர் என்று அழைக்கப்பட்டார். பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்வது பலமுறை நேர்கிறது.

இளமை

திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அருணாசலம் கிறித்தவம் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். 1785 இல் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்சு, சிறுவனின் திறமை கண்டு தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோசியும் அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் இருந்தவர். இந்த இளமைத் தொடர்பு பிற்காலத்தில் சாஸ்திரியாரின் வயிற்றுப்பாட்டையே தீர்மானிப்பதாயிற்று. தரங்கம்பாடியிலும் பயின்ற இவர், 19 ஆம் வயதில் தஞ்சை மிசன் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

இசைப்பணி

அக்காலச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் செருமானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளே. மெட்டு ஐரோப்பாவினுடையது, சொற்கள் அதற்குள் நெருக்கி அடைக்கப்பட்டன. சாஸ்திரியார் வேறு வழியில் சென்றார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பையும், கும்மி, உலா, நாடகம் போன்ற வடிவங்களையும் கிறித்தவப் பொருளுக்கு ஏற்றார். கதையும் பாட்டும் விளக்கமும் கலந்து அவர் நடத்திய நிகழ்ச்சி சதுர் எனப்பட்டது. அது கதாகாலட்சேபத்தை ஒத்தது.

1800 இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இவரது நூல்களுள் முதன்மையானது. இதில் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை, குறி சொல்லும் குறத்தி விசுவாசம். குறவர் பறவை பிடிக்கும் காட்சி, உபதேசியார் ஆன்மாக்களை ஈர்ப்பதாக மாறுகிறது. சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் கோப்பர்நிக்கசின் கொள்கையும் உலக நாடுகளின் வருணனையும் இந்நூலில் உண்டு. பள்ளியில் கற்றதைப் பாட்டில் ஏற்றிவிடும் ஆசிரியரின் கை இதில் தெரிகிறது. ஞானத்தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, ஜெபமாலை ஆகியவையும் இவர் இயற்றியவை.

பணி இழப்பு

சுவார்ட்சு 1798 இல் மறைந்தார். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மறைப்பணியாளர்கள், முன்னோர் கண்டும் காணாமல் விட்டிருந்த பலவற்றை மாற்ற முனைந்தனர். சாதி வேறுபாடு பாராது வழிபாட்டில் கலக்க வேண்டும் என்றனர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினர். திருமணத்தில் பூமாலையைத் தடுத்தனர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளையும் ஒதுக்கினர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து எழுதினார். இறுதியில் 1829 இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இப்போராட்டத்தை இசைக்கான போராட்டமாக மட்டும் சொல்வது பாதி உண்மையே. வெள்ளாளக் கிறித்தவர் சார்பில் அவர் சாதி வழக்கத்தையும் காத்து வாதிட்டார். தமிழ் இசைக்குத் திருச்சபையில் இடம் கேட்ட அதே எழுத்தில், தாழ்த்தப்பட்ட கிறித்தவருக்குச் சமமான இடம் மறுக்கப்பட்டது. இன்று கீர்த்தனைகளைப் போற்றுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். சாதியை விலக்குமாறு கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் ஆணையிட்டபோது, தஞ்சைத் திருச்சபையில் பிளவு மேலும் கூர்மையடைந்தது.

அரசவையில்

வேலை இழந்தவரைச் சரபோசி ஆதரித்து அரசவைக் கவிஞராக்கினார். ஆயினும் இந்துக் கடவுளரைப் பாட சாஸ்திரியார் இசையவில்லை. மன்னர் தஞ்சைப் பெருவுடையாரைப் பாடுமாறு கேட்டதாகவும், மறுத்த அவர் அன்றிரவே இயேசுவைப் போற்றும் கீர்த்தனை ஒன்றை இயற்றியதாகவும் செவிவழிச் செய்தி உண்டு. நிகழ்ச்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, அவரது நிலையை அது சரியாகவே காட்டுகிறது: முன்பு சம்பளம் தந்த மிசன் அவர் பாட்டை ஆலயத்தில் விரும்பவில்லை, இப்போது ஆதரித்த அரசவையிலோ அவர் பாட விரும்பாத பொருள்கள் இருந்தன. சரபோசி 1832 இல் இறந்தார். சாஸ்திரியார் அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பிற்காலம்

ஆலயத்தில் ஒதுக்கப்பட்ட பாடல்கள் அவர் வாழ்நாளிலேயே வழிபாட்டுக்குள் வந்தன. அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853 இல் வெளியிட்ட கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் இவரது பாடல்கள் இடம்பெற்றன. இவருடைய மகன் நோவா ஞானாதிக்கம் சாஸ்திரியாரும் கவிராயராக விளங்கினார். சதுர் நடத்தும் மரபு பின்னர் வந்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது.