இருவிரல் இசைவாணர்

கிதார் என்பது ஆறு தந்திகளையுடைய மேலைநாட்டு இசைக்கருவி. அதனை இசைப்போர் வலக்கையால் மீட்டி, இடக்கையின் நான்கு விரல்களால் தந்திகளை உரிய மெட்டுகளில் அழுத்துவர். அந்நான்கனுள் இரண்டின் ஆற்றலை இழந்த பின்னரே ஐரோப்பாவின் தலைசிறந்த கிதார்க் கலைஞராய் விளங்கியவர் ஜாங்கோ ரைனார்ட்.

இவர் 1910ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் பெல்சியம் நாட்டில் லிபர்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவர் ரோமா இனத்தவர். அவ்வினத்தாரின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவினின்று மேற்கே பெயர்ந்தவர் என்பதை அவர்தம் மொழியே காட்டுகின்றது. ஜாங்கோவின் குடும்பத்தார் கூண்டுவண்டியே வீடாக ஊர்தோறும் திரிந்தவர். பின்னர் அவ்வண்டி பாரிசு மாநகரின் புறத்தே நின்றது. ஜாங்கோ இசைக்குறியீடு படிக்க அறியார். செவியே அவருக்கு ஆசான். பன்னிரண்டாம் அகவையில் ஒரு பாஞ்சோ-கிதார் கைக்கு வந்தது. பிறர் விரல்கள் இயங்கும் முறையை உற்றுநோக்கியே பயின்று, விரைவில் நடன மன்றங்களில் ஊதியம் பெறும் கலைஞரானார்.

1928 நவம்பர் 2ஆம் நாள் இரவு அவ்வண்டியில் தீப்பற்றியது. மனைவியார் விற்பனைக்கெனச் செய்து குவித்திருந்த செல்லுலாய்டுப் பூக்களில் மெழுகுவத்தியின் தீ தாவிற்று. செல்லுலாய்டு நொடிப்பொழுதில் எரியும் பொருள். இருவரும் உயிர் தப்பினர். ஆயினும் ஜாங்கோவின் வலக்கால் கடுமையாக வெந்தது. அதனை வெட்டி நீக்கவேண்டும் என்றனர் மருத்துவர், அவர் இசையவில்லை. கால் பிழைத்தது. ஆனால் இடக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் தசைநாண் சுருங்கி, உள்ளங்கை நோக்கி மடங்கி நின்றுவிட்டன. அப்பொழுது அவருக்கு அகவை பதினெட்டு.

தம்பி யோசப்பு ஒரு கிதாரைக் கொணர்ந்து கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, நோயினின்று தேறிக்கொண்டே, கற்றதை மறந்து புதிதாகக் கற்றார் ஜாங்கோ. நான்கு விரலுடையோர் கையை ஓரிடத்தில் நிறுத்தித் தந்திக்குத் தந்தி குறுக்கே செல்வர். இரு விரல்களுக்கு அத்துணை எட்டாது. ஆதலின் அவர் கையையே கருவியின் கழுத்து நெடுக ஓடச் செய்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று துரத்துவனபோல் விரைந்தன. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கவேண்டிய இடத்து, மடங்கிய விரல்களையும் முதலிரு தந்திகளின்மேல் ஊன்றிக்கொண்டார். பெருவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்துத் தடித்த தந்தியை அழுத்தினார். நம் வீணையிலும் இடக்கையின் அவ்விரு விரல்களே பெரிதும் இயங்கும். ஆயின் அது கருவியின் மரபு. இதுவோ இடுக்கணில் ஒருவர் தாமே கண்ட வழி. வலக்கையிற் சிறு தகடு பற்றி, மணிக்கட்டைத் தளர்த்தி அவர் மீட்டிய ஒலி மன்றத்தின் கடைசி வரிசைக்கும் எட்டிற்று.

1934இல் வயலின் கலைஞர் கிராப்பெல்லியுடன் கூடிப் பாரிசில் ஐவர் குழு ஒன்றை அமைத்தார். ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு பெருவயலின், முழவு ஏதுமில்லை. அமெரிக்க நீக்ரோ மக்கள் ஆக்கிய ஜாசு இசையை ஐரோப்பியர் தமக்கென ஒரு வடிவில் வழங்கியது இக்குழுவில்தான் எனலாம்.

1939இல் போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்க, ஜாங்கோ பாரிசுக்கு மீண்டார். நாசிகள் ரோமா மக்களைப் பல்லாயிரக்கணக்கிற் கொன்றொழித்த காலம் அது. 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றும் இயலவில்லை. அவர்தம் இசையை விரும்பிய செருமானிய அதிகாரிகள் சிலர் இருந்தமையாலேயே உயிர் பிழைத்தார் என்பர். மேகங்கள் எனப் பொருள்படும் அவருடைய புகழ்பெற்ற இசையமைப்பு அந்நாளில், 1940இல், பதிவாயிற்று.

குறித்த நேரத்திற்கு வருதல் அவரிடம் அரிது. 1946இல் எலிங்டன் என்னும் பேரிசைவாணருடன் நியூயார்க்கில் வாசிக்கச் சென்றும் ஓரிரவு காலந்தாழ்த்தே அரங்கு புகுந்தார். புகழ் அவருடைய இக்குறையை மாற்றவில்லை. 1951 முதல் சேன் ஆற்றங்கரைச் சிற்றூராகிய சாமுவாவில் மீன்பிடித்தும் ஓவியம் தீட்டியும் வாழ்ந்தார். அழைத்தபோது பாரிசு சென்று வாசித்தார். 1953 மே 16ஆம் நாள், தொடர்வண்டியில் இறங்கி வீடு திரும்பிய அவர் மூளையிற் குருதி கசிந்து வீழ்ந்தார்; அன்றே மறைந்தார். அகவை 43. சாமுவாவிலேயே அவரை அடக்கம் செய்தனர்.