தன் தொடையிலேயே சோதனை நடத்திய எலும்பு டாக்டர்

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டால், அதை எடுத்துவிட்டு செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். இன்று பல ஊர்களில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. 1950-களில் நிலைமை வேறு. மூட்டு தேய்ந்தவர்கள் வலி தாங்காமல் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். பலர் படுத்த படுக்கையானார்கள். அவர்களை எழுந்து நடக்க வைத்தவர், இங்கிலாந்து நாட்டு டாக்டர் சர் ஜான் சார்ன்லி.

மருந்துக்கடைக்காரர் மகன்

சார்ன்லி 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி, லங்காஷயர் பகுதியில் உள்ள பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தார். தாய் நர்சு வேலை பார்த்தவர். மான்செஸ்டரில் படித்து 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 2-வது உலகப்போரில் ராணுவ டாக்டராக எகிப்தில் பணியாற்றினார். அங்கே ராணுவ பட்டறையின் உதவியுடன் சிகிச்சைக் கருவிகளைத் தயாரித்தார்.

"கிரீச்" சத்தம்

போருக்குப் பிறகு, செயற்கை மூட்டு வைத்திருந்த ஒரு நோயாளி அவரிடம் வந்தார். அவர் அசைந்தால் இடுப்பில் "கிரீச்" என்று சத்தம் கேட்டது. அவருடைய மனைவியால் அதை சகிக்க முடியவில்லை. உராய்வுதான் காரணம் என்பதை சார்ன்லி கண்டுபிடித்தார்.

விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி தொடங்கியது. சிறிய எஃகு குண்டு ஒன்று. அது உருள டெப்லான் கிண்ணம் ஒன்று. எலும்பில் பதிக்க, பல் செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் பசையைப் பயன்படுத்தினார். சுமார் 300 பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. வலி தீர்ந்தது, நடந்தார்கள்.

பேரிடி

சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தது. பொருத்திய மூட்டுகளை மீண்டும் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியதாயிற்று.

சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. டெப்லானைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். அந்த இடம் கட்டியாகத் தடித்தது. 1963-ல் இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதி, மற்ற டாக்டர்களை எச்சரித்தார்.

பட்டறை ஊழியரின் பிடிவாதம்

இதற்கிடையே 1962 மே மாதம், எந்திரப் பல்சக்கரம் செய்யும் ஒருவகை பாலிதீன் துண்டு ஆஸ்பத்திரி பட்டறைக்கு வந்தது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று ஒதுக்கினார். பட்டறை ஊழியர் ஹாரி கிரேவன் விடவில்லை. எந்திரத்தில் வைத்து இரவு பகலாக ஓட்டினார். 3 வாரம் ஓடியும் அது தேயவில்லை என்றே சொல்லலாம்!

சார்ன்லி தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் புதிய கிண்ணத்தைப் பொருத்தினார்.

அவசரம் இல்லை

ஆனாலும் உடனே விற்பனைக்கு விடவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்து பலனைப் பார்த்தார். தன்னிடம் பயிற்சி பெற்ற டாக்டர்களுக்கு மட்டுமே கொடுக்கச் செய்தார். ஆபரேஷன் அறையில் சுத்தமான காற்று வீசும் தனிக் கூண்டு அமைத்தார். 100-க்கு 7 பேருக்கு மேல் சீழ் பிடித்த நிலை மாறி, ஒருவருக்கும் கீழே குறைந்தது.

ரைட்டிங்டனில் பணியாற்றிய கனடா டாக்டர் பிராங்க் கன்ஸ்டன், இதே முறையில் முழங்கால் மூட்டு தயாரித்து 1971-ல் வெளியிட்டார். இன்றும் முழங்கால் ஆபரேஷனில் உலோகமும் பாலிதீனும்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன.

1977-ல் சார்ன்லிக்கு "சர்" பட்டம் கிடைத்தது. 1982 ஆகஸ்டு 5-ந்தேதி, 70-வது வயதில் காலமானார். ரைட்டிங்டனில் அவர் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது.