அரிசியை மருந்தாக்கிய ஜார்ஜ் ஓசாவா

நம் காலனியில் எவர் வீட்டிலேனும் நோய் தலைகாட்டினால், மருத்துவர் வருமுன்னே பத்தியம் வந்துவிடும். அத்தகைய பத்தியமொன்றைத் தத்துவமாக்கி உலகெங்கும் கொண்டுசென்ற ஜப்பானியரின் வரலாறு இது.

ஜார்ஜ் ஓசாவா எனப் பின்னாளில் புகழ்பெற்ற யுகிகாசு சகுராசாவா 1893-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் அந்நோய் அவரையும் பற்றிற்று. அப்பொழுது சாகன் இஷிசுகா என்னும் இராணுவ மருத்துவரின் நூல்வழி கண்ட உணவுமுறையைக் கைக்கொண்டார். கைக்குத்தல் அரிசியும் காய்கறியுமே தம்மைக் காத்தன என்று இறுதிவரை நம்பினார்.

இஷிசுகாவின் கொள்கையில் உண்மை இல்லாமலில்லை. தீட்டிய வெள்ளரிசியையே உண்ட ஜப்பானியப் படைவீரர் பல்லாயிரவர், 1904-05-ஆம் ஆண்டுப் போரில் பெரிபெரி நோய்க்கு ஆளாயினர். தவிட்டோடு கழிந்துபோவது பி1 உயிர்ச்சத்து என்பது பின்னரே விளங்கிற்று. (நம் புழுங்கல் அரிசியில் அச்சத்து ஓரளவு தங்கிவிடும். பெயரறியாமலே நம் பாட்டிமார் அதைக் காத்துவந்தனர்.)

ஓசாவா அவ்வளவில் நின்றாரில்லை. இன், யாங் என்னும் சீனத் தத்துவத்தின்படி எல்லா உணவையும், எல்லா நோயையும் இரண்டாகப் பகுத்தார். 1929-இல் பாரிஸ் சென்று பரப்பினார். 1953-இல் மனைவி லீமாவுடன் இந்தியாவுக்கும் வந்தார். அடுத்து ஆப்பிரிக்காவில் ஷ்வைட்சரின் மருத்துவமனைக்குச் சென்று, வேண்டுமென்றே கொடிய புண்ணை வரவழைத்துக்கொண்டு, தம் முறையாலேயே ஆற்றிக்கொண்டதாக எழுதினார். ஆயினும் ஷ்வைட்சர் தம் மருத்துவத்தை மாற்றவில்லை. அத்துணிவை நான் மெச்சுகிறேன். ஆனால் ஒருவர் உடலில் ஒருமுறை கண்டது உலகுக்கெல்லாம் சான்றாகுமா?

அவர் பத்துப் படிகளாக வகுத்த உணவில் உச்சப்படி ஏழாம் எண். அது முழுதும் தானியமே. நீரும் குறைவாகவே அருந்தவேண்டும். பழமில்லை, பாலில்லை. நோய் தீராவிடில் குற்றம் உணவினுடையதன்று, உண்பவரின் அகந்தையே என்பதும் அவர் போதனை. இவ்வாறு சொல்லிவிட்டால் எந்தப் பத்தியந்தான் தோற்கும்?

1965-இல் அமெரிக்காவில் இம்முறையைக் கடுமையாகக் கைக்கொண்ட இளம்பெண் ஒருத்தி உடல் மெலிந்து உயிர்நீத்தாள். சி உயிர்ச்சத்துக் குறைவால் ஈறு கசியும் ஸ்கர்வி நோயும் சிலரிடம் காணப்பட்டது. இதன் கடும்படிகள் பெருந்தீங்கு விளைக்கும் என 1971-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவுக்குழு எச்சரித்தது.

என் தாயார் நீரிழிவுற்றிருந்தபோது, அன்பர் ஒருவர் மருந்தை விட்டுத் தானியம் மட்டும் உண்ணும்படி நல்லெண்ணத்தோடு கூறினார். பதினொரு நாள் கடைப்பிடித்தோம். பன்னிரண்டாம் நாள் மயங்கி விழுந்தார். ஊசிமருந்தே அவரை மீட்டது. ஓசாவாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

ஓசாவா 1966-ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் 72-ஆம் வயதில், டோக்கியோவில் திடீரெனக் காலமானார். லீமா அம்மையார் அவருக்குப்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் எழுதிய சமையல் நூலில் தானியத்தோடு காய்கறியும் பயறும் நிறைந்திருக்கின்றன.