15 ரூபாய் நாய்க்குட்டி: ஜிம் கார்பெட்டின் வேட்டைத் துணைவன் ராபின்

அழுக்குப் பிடித்த ஒரு பழைய கூடை. அதற்குள் ஏழு நாய்க்குட்டிகள்.

துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அவற்றை விற்பதற்காகக் கொண்டு வந்திருந்தார். நடுக்கும் குளிர். பொழுது விடிந்து வெகு நேரம் ஆகவில்லை. கூடையைச் சாய்த்ததும் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்தன.

நாய்க்குட்டி தேவைப்பட்டது ஜிம் கார்பெட்டுக்கு அல்ல. அவருடைய சிநேகிதிக்குத்தான். கார்பெட் சும்மா கூடப் போயிருந்தார்.

ஏழு குட்டிகளில் ஒன்று எலும்பும் தோலுமாக இருந்தது. மற்றவை தின்றது போக மிச்சம் கிடைத்தால்தான் அதற்குச் சாப்பாடு. இன்னும் சில நாள் போனால் அது பிழைத்திருக்காது. அந்தக் குட்டி தள்ளாடி நடந்து வந்தது. கார்பெட்டை ஒரு முறை சுற்றியது. பிறகு அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது.

கார்பெட் குனிந்து அதை எடுத்தார். கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். குட்டி நன்றியோடு அவர் முகத்தை நக்கியது.

அவ்வளவுதான். 15 ரூபாய் கை மாறியது!

யார் இந்தக் கார்பெட்?

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று உலகமே அறிந்த பெயர் ஜிம் கார்பெட். வெள்ளைக்காரக் குடும்பம். ஆனால் பிறந்தது இந்தியாவில். 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிதாலில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் போஸ்டு மாஸ்டர்.

1881-ல் தகப்பனார் இறந்துவிட்டார். அப்போது ஜிம்முக்கு 6 வயதுகூட நிரம்பவில்லை. பெரிய குடும்பம். சொற்ப வருமானம். கோடைக்கு நைனிதால், குளிர்காலத்துக்கு மலையடிவாரத்துக் காலாதூங்கி என்று குடும்பம் மாறி மாறி வசித்தது. காலாதூங்கியைச் சுற்றிலும் காடு. அந்தக் காடுதான் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம்.

முதலில் கவண். அடுத்தது வில். பிறகு ஒரு துப்பாக்கி கிடைத்தது. பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், தமக்குப் பறவைகள் சேர்த்துத் தருவதற்காகக் கொடுத்த பழைய துப்பாக்கி அது. குழாய் இரண்டு. அதில் ஒன்று விரிசல் விட்டது!

பெரியவரானதும் ரெயில்வேயில் வேலை. கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் பல ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்ட். கூலி ஆட்களோடு ஆளாக உழைத்தார்.

1907-ல் சம்பாவத் என்ற ஊரில் ஒரு பெண் புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1926-ல் ருத்ரபிரயாகையில் ஒரு சிறுத்தையைச் சுட்டார். அது 125 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரிகர்கள் நடமாடவே அஞ்சிய காலம் அது. இந்தக் கதைகளை எல்லாம் கார்பெட்டே பிற்பாடு எழுதினார். படிக்காதவர்களும் கேட்டிருப்பார்கள்.

பஞ்சத்தில் அடிபட்ட அந்த நாய்க்குட்டியின் கதை அவ்வளவாகப் பரவவில்லை. புலிக் கதைகளுக்கு அது சிறிதும் குறைந்தது அல்ல.

பெயர் மாறியது

குட்டிக்கு அப்போது வயது சுமார் மூன்று மாதம். விற்றவர் அதைப் பிஞ்சா என்று அழைத்தார். வேட்டையில் கெட்டிக்கார நாய்க்குப் பிறந்தது என்றும் சொன்னார். ஸ்பேனியல் ஜாதி. தொங்கும் காது. நல்ல மூக்கு.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வயிறு நிறையச் சாப்பாடு. அப்புறம் வெந்நீர், சோப்பு. இரண்டையும் குட்டி அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தது. பிஞ்சா என்ற பெயரும் போயிற்று. ராபின் என்ற புதுப் பெயர் வந்தது.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. கார்பெட்டுக்கு 6 வயது, தம்பிக்கு 4 வயது. கோபம் கொண்ட ஒரு பெண் கரடி இருவர்மீதும் பாய்ந்தது. அப்போது அவர்களைக் காப்பாற்றியது வீட்டு நாய். அதன் பெயர் ராபின். பல ஆண்டுகள் கழித்தும் கார்பெட் அந்தக் கடனை மறக்கவில்லை.

பறவை வேட்டைக்கு நாய் எதற்கு?

துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நாய் எதற்கு என்று கேட்கலாம்.

சுட்ட பறவை எல்லாம் காலடியில் வந்து விழாது. முட்புதரில் விழும். நாணலில் விழும். இறக்கை ஒடிந்த கவுதாரி புல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். மனிதக் கண்ணுக்கு அது அகப்படாது. எங்கேயோ கிடந்து துடித்துச் சாகும். யாருக்கும் பயன் இல்லை. பாவந்தான் மிச்சம். மோப்பம் பிடித்து அதை எடுத்து வருவது நாயின் வேலை.

நாய்களிலும் வகை உண்டு. பாயிண்டர் என்ற ஜாதி, பறவை பதுங்கி இருக்கும் இடத்தை மோந்ததும் சிலைபோல் நின்றுவிடும். ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, இடத்தைக் காட்டும். ஸ்பேனியல் அப்படி நிற்காது. புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். எந்த ஜாதியானாலும், சுட்ட பிறகு பறவையை எடுத்து வரக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இது அடித்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அல்ல. துணியைச் சுருட்டி, அதில் இறகுகளைக் கட்டி வீசுவார்கள். குட்டி கவ்விக்கொண்டு ஓடினால், பின்னால் துரத்தக் கூடாது. துரத்தினால் அதற்கு விளையாட்டாகிவிடும். எதிர்த் திசையில் நடந்தால் தானே பின்னால் வரும். வீட்டுத் தாழ்வாரம் போன்ற குறுகலான இடத்தில் தொடங்குவது நல்லது. அங்கே திரும்பி வர ஒரே வழிதானே!

வாயில் இருப்பதைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் குட்டி இறுக்கிக் கடிக்கும். கடிக்கப் பழகிய நாய் பறவையை நசுக்கிவிடும். முட்டையைக் கவ்வினாலும் உடையாத வாய் வேண்டும். தட்டிக் கொடுத்து, தின்ன ஏதாவது காட்டினால், தானே கையில் விடும்.

அடுத்தது வெடிச் சத்தம். குட்டி சாப்பிடும்போது வெகு தூரத்தில் ஒரு வெடி. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கிட்டத்தில். முதல் நாளே காதருகில் வெடித்தால், ஆயுள் முழுவதும் துப்பாக்கியைக் கண்டாலே ஓடும்.

சுட்டிக் காட்டும் நாய்க்கு இன்னொரு சிரமமும் உண்டு. எடுத்து வருவதில் ருசி கண்டுவிட்டால், நின்று காட்ட வேண்டியதை மறந்து பறவைமீது பாயத் தொடங்கும். அதனால் நிற்கும் பாடம் நன்றாக ஊறிய பிறகே எடுத்து வரும் பாடத்தைப் பலர் தொடங்குகிறார்கள். குட்டிக்குச் சலிப்பு வருவதற்குள் பாடத்தை நிறுத்திவிடவும் வேண்டும்.

வாத்தியார் செய்த தவறு

கார்பெட்டும் முறைப்படிதான் நினைத்தார். சில வாரங்களில் ராபின் தேறியது. ஒரு நாள் காலை அதை வெளியே அழைத்துப் போனார். தள்ளி நின்று ஓரிரு வெடி வெடித்து, சத்தத்துக்குப் பழக்குவது அவருடைய திட்டம்.

முட்புதர் ஓரமாக நடந்தபோது ஒரு மயில் எழுந்து பறந்தது. வேட்டைக்காரர் கை அல்லவா! பின்னால் குட்டி வருகிறது என்பதே மறந்துபோயிற்று. சுட்டுவிட்டார்.

மயில் புதருக்குள் விழுந்தது. ராபின் பயந்து ஓடியதா? இல்லை. புதருக்குள் பாய்ந்தது!

கார்பெட் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினார். அங்கே வெட்ட வெளி. காலை வெயில். இறக்கை ஒடிந்த கிழட்டுப் பெட்டை மயில் காட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாலைக் கவ்விக்கொண்டு, பின்புறம் தரையில் தேய, ராபின் இழுபட்டுக்கொண்டே போயிற்று. விடவில்லை!

கார்பெட் மயிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அது இரண்டாவது தவறு. மயில் இரண்டு கால்களாலும் உதைத்தது. ராபின் குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. அடுத்த விநாடி எழுந்து வந்தது. செத்த பறவையைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது.

அந்தப் பருவம் முடியும் வரை காடை, புறா, எப்போதாவது ஒரு கவுதாரி என்று சிறிய பறவைகளையே எடுத்து வரப் பழக்கினார்.

(இந்தியாவின் தேசியப் பறவை மயில். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.)

சிறுத்தை துரத்தியது

கோடை முழுவதும் நைனிதால். நவம்பரில் காலாதூங்கிக்குப் பயணம். 15 மைல் நடை.

வழியில் ஒரு லங்கூர் குரங்கு ராபினின் மூக்குக்கு முன்னால் பாதையைத் தாண்டியது. கார்பெட் சீட்டி அடித்தார். ராபின் கேட்கவில்லை. சரிவில் இறங்கிக் குரங்கின் பின்னால் ஓடியது. குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. ராபின் அப்பால் இருந்த புதருக்குள் நுழைந்தது.

நுழைந்த வேகத்தில் திரும்பி வந்தது. காது மடங்கி, வால் ஒடுங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. பின்னால் ஒரு பெரிய சிறுத்தை!

கார்பெட் கையில் துப்பாக்கி இல்லை. தொண்டை கிழியக் கத்தினார். கூட வந்த ஆட்களும் கத்தினார்கள். குரங்குக் கூட்டம் முழுவதும் அலறியது. சிறுத்தை எட்டிப் பிடிக்கும் நேரம். என்ன நினைத்ததோ, சட்டென்று திரும்பிப் பள்ளத்தில் மறைந்தது.

ராபின் அன்று இரண்டு பாடங்களைக் கற்றது. குரங்கைத் துரத்தக் கூடாது. குரங்கு அலறினால் அருகில் சிறுத்தை இருக்கிறது. சீட்டி கற்றுக் கொடுக்காததைச் சிறுத்தை கற்றுக் கொடுத்தது!

மயங்கி விழுந்தது

காலாதூங்கியில் பயிற்சி மறுபடியும் தொடங்கியது. அப்போதுதான் விபரீதம் தெரிந்தது.

சிறிது ஓடினாலே ராபின் மயங்கி விழுந்தது. கூடைக்குள் பட்டினி கிடந்த அந்த மூன்று மாதம் அதன் இருதயத்தைக் கெடுத்திருந்தது. வெந்நீராலும் நல்ல சோற்றாலும் அதைச் சரிப்படுத்த முடியவில்லை.

பறவை வேட்டை நாய்க்கு ஓட்டம்தான் உயிர். ஓடி எடுத்து வர முடியாத நாய் எதற்கு உதவும்? வேறு யாராவது என்றால், வீட்டுத் திண்ணையில் கட்டிப் போட்டுவிட்டு, இன்னொரு குட்டியை வாங்கியிருப்பார்கள்.

எஜமான் துப்பாக்கியை எடுக்கும்போது, வீட்டில் விடப்பட்ட வேட்டை நாய் படும் துக்கம் கார்பெட்டுக்குத் தெரியும். ஆகவே ராபினுக்கு ஏற்றபடி வேட்டையை மாற்றினார். பறவை வேட்டைக்குத்தான் ஓட வேண்டும். சிறுத்தையையும் புலியையும் தேடிப் போனால், அடிமேல் அடி வைத்து நடந்தால் போதும். இனி ராபின் பெரிய வேட்டைக்கு வரட்டும்!

மயங்கி விழும் நாய்க்குப் புலி வேட்டையா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதில் ராபின் நிபுணனாகிவிட்டது.

விடியற்காலையில் இருவரும் கிளம்புவார்கள். தரையில் காலடி தெரியும் வரை தடம் பார்ப்பது கார்பெட்டின் வேலை. விலங்கு காட்டுக்குள் புகுந்து தடம் மறைந்துவிட்டால், பொறுப்பு ராபினுக்கு. மூக்கால் வழி காட்டும். குரைக்காது. முந்தி ஓடாது. அது நின்றால் கார்பெட் நிற்பார்.

எஜமானுக்குக் கண். நாய்க்கு மூக்கு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு வேட்டைக்காரர்!

காமிரா வந்தது

நாளாக ஆக, கார்பெட்டின் மனம் மாறியது. வேடிக்கைக்காகப் புலியைச் சுடுவதில் அவருக்கு விருப்பம் குறைந்தது. சினிமாக் காமிராவை எடுத்துக்கொண்டு புலியைப் படம் பிடிக்கப் போனார். காட்டு விலங்குகளைக் காக்க வேண்டும் என்று பேசினார், எழுதினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவோன் அடிவாரத்தில் அமைந்தது. அதற்கு ஆதரவு தேடியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பூங்காவுக்குப் பிற்பாடு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

நம் பக்கத்தில் இந்த ஞானம் முன்பே வந்துவிட்டது என்று பெருமைப்படலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு வெகு தொலைவில் இல்லை வேடந்தாங்கல். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு எருவாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று பத்திரம் வாங்கினார்கள். எந்த ராபினுக்கும் அங்கே வேலை இல்லாமல் போயிற்று!

இரண்டு சமாதிகள்

1944-ல் கார்பெட்டின் முதல் பெரிய புத்தகம் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. குமாவோன் ஆட்கொல்லிப் புலிகளின் கதை அது. தி.ஜ.ர. அதைத் தமிழில் தந்தார். புலிகளுக்கு நடுவே ராபினுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார் கார்பெட். அதை எழுதியபோது ராபினுக்கு 13 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 15 ரூபாய்க்கு வாங்கிய அந்த நாயை, இந்தியாவில் உள்ள தங்கம் முழுவதும் கொடுத்தாலும் அவர் விற்கத் தயாராக இல்லை.

1947-ல் கார்பெட்டும் அவருடைய அக்காள் மேகியும் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார்கள். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் நியேரி என்ற ஊரில் குடியேறினார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி கார்பெட் அங்கேயே காலமானார். அவருடைய சமாதி நியேரியில் இருக்கிறது.

காலாதூங்கியில் அவர் வாழ்ந்த வீடு பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு சிறிய சமாதியைக் காட்டுகிறார்கள். அது ராபினுடையது.